ஒரே கரண்ட், இரண்டு உடம்பு

பெரியம்மாவுக்கு 15 சிட்டிங் எழுதிக் கொடுத்தார்கள். சனி, ஞாயிறு கிடையாது. ஆக மூன்று வாரம். மொத்தம் 40 கிரே. அதை 15 ஆல் வகுத்தால் ஒரு நாள் பங்கு 2.67 கிரே. எங்கள் வீட்டில் யாரும் அதைக் கதிர்வீச்சு என்று சொல்லவில்லை. ‘கரண்ட் வைக்கப் போறோம்’ என்றுதான் கிளம்புவோம்.

சென்னையில் அந்த மருத்துவமனையின் அடித்தளத்தில் ஒரு நீள பெஞ்ச். பக்கத்தில் உட்கார்ந்த அக்காவுக்கும் மார்பகம்தான், இடது பக்கம்தான். அதே 40, அதே 15, அதே மெஷின். பெரியம்மா 11 மணி டோக்கன், அந்த அக்கா 11:15. மூன்றாம் வாரம் பெரியம்மாவின் தோல் கத்திரிக்காய்த் தோல் மாதிரிக் கறுத்தது, அவ்வளவுதான். அந்த அக்காவுக்கு அக்குள் மடிப்பில் தோல் உரிந்து நீர் கசிந்தது. ரவிக்கை போட முடியாமல் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

“ரெண்டு பேருக்கும் ஒரே கரண்டுதானே தம்பி வச்சீங்க?” என்று பெரியம்மா டெக்னீஷியனைக் கேட்டார்.

“ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரிம்மா.”

அந்தத் தம்பி சொன்னது சரிதான். ஆனால் எந்த அளவுக்குச் சரி, அந்த ‘ஒவ்வொரு மாதிரி’யை முதல் சிட்டிங்குக்கு முன்பே ஒரு சொட்டு ரத்தத்தில் படித்துவிட முடியுமா, படிக்க என்ன செலவாகும், படித்து என்ன லாபம் என்பதற்கெல்லாம் 25 ஆண்டாக ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பற்று வரவு இரண்டும் உள்ள கணக்கு. அதைத்தான் இங்கே புரட்டப் போகிறேன்.

முதலில் சரக்கு என்னவென்று பார்ப்போம். 1 கிரே என்பது ஒரு கிலோ சதையில் 1 ஜூல் ஆற்றல். சூடாகக் கணக்கிட்டால் சிரிப்பு வரும்: 2 கிரே விழுந்தால் சதையின் வெப்பம் 0.001 டிகிரி செல்சியஸ்கூட ஏறாது. ஒரு மடக்கு காபி இதைவிட அதிகம் சூடேற்றும். ஆனால் அந்த ஆற்றல் விழும் இடம் வேறு. 1 கிரேக்கு ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் சுமார் 1,000 ஒற்றை இழை முறிவுகள், 30 முதல் 40 வரை இரட்டை இழை முறிவுகள் ஏற்படும். ஒற்றை இழை முறிவு, ஏணியின் ஒரு பக்கக் கம்பு உடைவது போல. எதிர்ப் பக்கத்தைப் பார்த்து செல் ஒட்டிக்கொள்ளும். இரட்டை இழை முறிந்தால் ஏணியே இரண்டு துண்டு. பெரியம்மாவின் ஒரு நாள் பங்கில், கதிர் பட்ட ஒவ்வொரு செல்லுக்கும் இப்படி 80 முதல் 107 வரை. அடுத்த நாள் 11 மணிக்குள் இதில் பெரும்பகுதியைச் செல் சரிசெய்துவிட வேண்டும். நல்ல செல் சரிசெய்துவிடும், புற்றுச் செல் தடுமாறும் என்ற நம்பிக்கையில்தான் ஒரே நாளில் கொடுக்காமல் சிட்டிங் சிட்டிங்காகப் பிரிக்கிறார்கள்.

சரிசெய்யும் வேலையில் எல்லா உடம்பும் ஒரே வேகம் இல்லை. அது ஒரு தரமான தொழிலாளிக்கும் சுமாரான தொழிலாளிக்கும் உள்ள வித்தியாசம். சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் இங்கேலா டுரெசன் குழு, மார்பகக் கதிர்வீச்சு பெற்ற பெண்களின் தோலில் பிற்காலத்தில் தெரியும் சிறு ரத்தக்குழாய் விரிவுகளைப் பல ஆண்டு எண்ணிப் பார்த்தது. டோஸ், சிட்டிங் எண்ணிக்கை எல்லாவற்றையும் கழித்த பிறகும், ஆளுக்கு ஆள் தெரிந்த வேறுபாட்டில் 80 முதல் 90 சதவீதம் அந்த ஆளுக்கே உரிய ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது என்று 2002-இல் எழுதினார்கள். டெக்னீஷியன் தம்பியின் வாக்கியத்துக்கு அன்றே எண் கிடைத்துவிட்டது.

இந்தத் துறையின் மூல எண் 5. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு தாங்கு டோஸ் உண்டு. எவ்வளவு கொடுத்தால் 5 ஆண்டில் 100-இல் 5 பேருக்குக் கடும் பாதிப்பு வரும் என்பதே அதன் வரையறை. 1991-இல் பஹ்மன் எமாமி குழு வெளியிட்ட பட்டியலில் முழு நுரையீரலுக்கு 17.5 கிரே, முழுச் சிறுநீரகத்துக்கு 23 கிரே, கண் வில்லைக்கு 10 கிரே. பிறகு எண்கள் திருத்தப்பட்டன. ஆனால் யோசனை அப்படியே இருக்கிறது. அதாவது தாங்க முடியாத அந்த 5 பேரைப் பார்த்து 100 பேருக்கும் அளவு தைக்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் ஒரு குழந்தைக்குக் காரம் ஆகாது என்று எல்லாருக்கும் காரமில்லாக் குழம்பு வைப்பது போல. மீதி 95 பேரில் சிலர் கூடுதல் டோஸ் தாங்கி, அதனால் புற்றிலிருந்து முழுசாகத் தப்பியிருக்கலாம். யார் அந்த 5, யார் அந்த 95 என்பது முன்கூட்டித் தெரிந்தால் இரண்டு பக்கமும் வரவுதான். ஆராய்ச்சிக்காரர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறியது இதைப் பார்த்துத்தான்.

நம் ஊர் அளவில் இந்த 5 எவ்வளவு? 2022 கணக்கில் இந்தியாவில் புதிய புற்றுநோயாளிகள் சுமார் 14.1 லட்சம். புற்றுநோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு தேவைப்படும் என்பது உலகளாவிய மதிப்பீடு. ஆக 7 லட்சம். தேவைப்படும் எல்லாருக்கும் கிடைத்ததாக வைத்துக்கொண்டு 5 சதவீதம் போட்டால் ஆண்டுக்கு 35,000 பேர். இவர்கள் எல்லாரும் புற்றால் அல்ல, வைத்தியத்தால் அவதிப்படுகிறவர்கள்: மலத்தில் ரத்தம், இறுகிப்போன மார்பு, இரவில் ஆறு முறை எழுப்பும் சிறுநீர்ப்பை, விழுங்க மறுக்கும் தொண்டை.

மரபணுவில் பதில் இருக்கும் என்ற நம்பிக்கை காற்றில் பிறந்ததல்ல. அட்டாக்ஸியா டெலாஞ்சியெக்டேசியா என்று ஒரு நோய். 40,000 முதல் 1 லட்சம் பிறப்புக்கு ஒன்று. நடை தள்ளாடும், கண் வெள்ளையில் ரத்தக்குழாய்கள் படரும், புற்றுநோய் எளிதில் வரும். அப்படி ஒரு குழந்தைக்கு வழக்கமான கதிர்வீச்சு கொடுத்தபோது நேர்ந்த கொடூர விளைவு 1967-இலேயே பதிவாகிவிட்டது. இந்த நோயாளிகளின் செல்கள் மற்றவர்களுடையதைவிடச் சுமார் மூன்று மடங்கு கதிர்வீச்சுக்கு நொந்துபோகும். 1995-இல் டெல் அவீவில் யோசெஃப் ஷிலோ குழு அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தது: ஏ.டி.எம்., 11-ஆம் குரோமோசோமில், 3,056 அமினோ அமிலம் நீளமுள்ள புரதத்தை உருவாக்குவது. இரட்டை இழை முறிந்ததும் முதல் மணி அடிக்கும் காவல்காரன் அது. இரண்டு பிரதியும் கெட்டவருக்கு நோய். ஒரு பிரதி மட்டும் கெட்டவர்கள் மக்கள்தொகையில் சுமார் 1 சதவீதம் இருப்பார்கள். ஆனால் அதை மட்டும் காரணமாக வைத்து அவர்களுக்குக் கதிர்வீச்சு மறுக்கப்படுவதில்லை. இதேபோல டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டும் லிகேஸ் 4 குறைந்த ஒரு லுக்கேமியாச் சிறுவன் கதிர்வீச்சுக்குப் பின் இறந்த பதிவும் உண்டு.

இவையெல்லாம் லட்சத்தில் ஒருவர் கதை. அந்த 5 சதவீதத்தில் பெரும்பாலானவர்களுக்கு இப்படிப் பெயர் சொல்லும் நோய் எதுவும் இல்லை. அவர்களிடம் சின்னச் சின்ன எழுத்து மாற்றங்கள் பல சேர்ந்திருக்கும் என்பதுதான் அடுத்த அனுமானம். மனித மரபணுத் தொகுதி சுமார் 310 கோடி எழுத்து. ஒரு சாதாரண ஆளிடம், ஒப்பீட்டுப் பிரதியிலிருந்து மாறுபடும் இடங்கள் மட்டும் 41 முதல் 50 லட்சம். இதில் எது?

இங்கேதான் கணக்கில் சறுக்கல் தொடங்குகிறது. டென்மார்க்கின் ஆர்ஹுஸில் கிறிஸ்டியன் நிகோலாய் ஆண்ட்ரியாசன் 2003-இல் 41 மார்பகப் புற்று நோயாளிகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். டி.ஜி.எஃப்.பி.1, எக்ஸ்.ஆர்.சி.சி.1 போன்ற சில மரபணுக்களில் உள்ள மாற்றங்கள் தோலடி இறுக்கத்தோடு ஒத்துப்போவதாகத் தெரிந்தது. துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. 2006-இல் அவரே 120 பேரிடம் மறுபடி பார்த்தார். முன்பு கண்டது திரும்ப வரவில்லை. தன் முடிவைத் தானே போட்டு உடைக்கிற அந்தக் காரியத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அந்தப் பத்தாண்டில் உலகெங்கும் பலர் 50, 80, 100 பேரை வைத்து எழுதிவிட்டு அடுத்த மரபணுவுக்குத் தாவிக்கொண்டிருந்தார்கள்.

2012-இல் மொத்தப் பாக்கிக்கும் ஒரே நாளில் கணக்குத் தீர்த்தார்கள். கேம்பிரிட்ஜின் கில்லியன் பார்னெட் குழு 1,613 நோயாளிகளை எடுத்தது: மார்பகம் 976, புராஸ்டேட் 637. அதுவரை ‘இதுதான்’ என்று எழுதப்பட்டிருந்த 46 மரபணுக்களின் 92 மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தது. பல சோதனைகளுக்கான திருத்தம் போட்ட பிறகு தேறியவை எத்தனை? பூஜ்யம். 92-க்கு 0.

இதை ஒரு கணக்குப்பிள்ளையிடம் முன்பே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். 20-க்கு ஒன்று தற்செயலாக ஜெயிக்கும் என்ற வழக்கமான அளவுகோலில் 92 சீட்டு போட்டால் சும்மாவே 4 அல்லது 5 சீட்டு விழும். மரபணுத் தொகுதி முழுக்க, ஒன்றை ஒன்று சாராத சுமார் 10 லட்சம் இடங்களைச் சோதித்தால் 50,000 போலி வெற்றி. அதனால்தான் தொகுதி முழுவதையும் அலசும் ஆய்வுகளில் 2 கோடியில் ஒன்று என்ற அளவுக்குக் கதவைக் குறுக்கிவிட்டார்கள். குறுகிய கதவில் நுழைய ஆள் பலம் வேண்டும். அதற்காக 2009-இல் மான்செஸ்டரின் கேத்தரின் வெஸ்ட், நியூயார்க்கின் பேரி ரோசன்ஸ்டீன் முதலியோர் சேர்ந்து கதிர்மரபணுக் கூட்டமைப்பு என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். தனித்தனிக் கடையை மூடி ஒரே சந்தை.

சந்தை திறந்ததும் முதலில் விழுந்தது பழைய செல்லப்பிள்ளை டி.ஜி.எஃப்.பி.1 தான். 11 குழுக்களின் 2,782 மார்பக நோயாளிகளைச் சேர்த்தபோது அதன் தொடர்பு காணாமல் போனது. அடுத்ததில் ஒன்று நின்றது. 2016-இல், மறுபடி அதே ஆண்ட்ரியாசன் முன்னின்று, 17 குழுக்களின் 5,456 பேரைச் சேர்த்தார். ஏ.டி.எம். மரபணுவில் 5,557-ஆம் எழுத்து ஜி-க்குப் பதில் ஏ என்று இருந்தால், உடனடிப் பக்கவிளைவுக்கான வாய்ப்பு விகிதம் சுமார் 1.5, பிற்காலப் பக்கவிளைவுக்குச் சுமார் 1.2. பதின்மூன்று ஆண்டு, 41-இலிருந்து 5,456. கடைசியில் கையில் ஒட்டியது ஒற்றை எழுத்து.

அந்த 1.2-க்கு நோயாளி மொழியில் என்ன மதிப்பு? 1,000 பேரில் 50 பேருக்குக் கடும் பாதிப்பு வரும் என்றால், இந்த எழுத்து உள்ள 1,000 பேரில் 59 பேருக்கு வரும். ஒன்பது பேர் அதிகம். அறிவியலுக்கு இது தங்கம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கு 5 சதவீதம் 5.9 ஆனது, இதை வைத்து எந்த மருத்துவரும் பேனாவைக்கூடத் திறக்கமாட்டார்.

புராஸ்டேட் பக்கம் எண்கள் கொஞ்சம் பெரிதாக இருந்தன. 2016-இல் சாரா கெர்ன்ஸ் குழு 1,564 பேரை அலசி, கே.டி.எம்.3பி மரபணுவில் ஓர் இடம் அடிக்கடி சிறுநீர் போவதோடும் (விகிதம் 3.12), டி.என்.ஏ.ஹெச்.5-இல் ஓர் இடம் சிறுநீர் வேகம் குறைவதோடும் (2.71) ஒத்துப்போவதைக் கண்டது. 2020-இல் 3,871 பேராக விரித்தபோது கதவைத் தாண்டியவை வேறு மூன்று இடங்கள்: ஒன்று ஆசனவாய் ரத்தக்கசிவு, ஒன்று சிறுநீர் வேகம், ஒன்று சிறுநீரில் ரத்தம். கவனித்தால் தெரியும்: ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு தொல்லைக்கு. ‘இவர் கதிர்வீச்சு தாங்காதவர்’ என்ற ஒரே முத்திரை இல்லை. குடலுக்கு ஒரு பக்கம், சிறுநீர்ப்பைக்கு ஒரு பக்கம், தோலுக்கு ஒரு பக்கம் என்று பேரேடு பிரிந்து கிடக்கிறது. எண்ணிக்கை கூடக் கூட இன்னும் இடங்கள் சிக்கும். அவற்றைக் கூட்டி ஒரே மதிப்பெண் போட்டுப் பார்க்கும் முயற்சியும் நடக்கிறது.

எழுத்துகளை விட்டுவிட்டு நேராகச் செல்லையே சோதித்தால் என்ன என்று கேட்டவர் பிரான்சின் மான்பெல்லியேயில் டேவிட் அஸ்ரியா. நோயாளியின் ரத்த வெள்ளணுக்களை எடுத்து 8 கிரே கொடுத்து 48 மணி நேரம் காத்திருந்து எத்தனை தற்கொலை செய்துகொண்டன என்று எண்ணுவது. விசித்திரம் என்னவென்றால், வெள்ளணுக்கள் அதிகம் செத்தால் நோயாளிக்கு நல்லது. அவர் மார்பு இறுகுவது குறைவு. 502 பேரைச் சேர்த்தார்கள், இறுதிக் கணக்கில் 456 பேர். 64 பேருக்கு, அதாவது 14 சதவீதத்துக்கு, இரண்டாம் நிலையோ அதற்கு மேலோ இறுக்கம் வந்தது. சோதனை ‘பயமில்லை’ என்றவர்களில் 91 சதவீதம் தப்பினார்கள். கைதட்டுவதற்கு முன் ஒரு கழித்தல்: சோதனையே இல்லாமல் எல்லாரிடமும் ‘பயமில்லை’ என்று சொல்லியிருந்தாலும் 86 சதவீதம் சரியாகியிருக்கும். சோதனை கூட்டிய வரவு 5 புள்ளி. ‘ஜாக்கிரதை’ என்றவர்களில் 22 சதவீதத்துக்கு நிஜமாகவே இறுகியது, அடிப்படை 14. வரவு 8 புள்ளி. சோதனை பொய் இல்லை. ஆனால் விளம்பரத் தாளில் 91 என்று மட்டும் அச்சடித்தால் வாங்குகிறவர் 86-ஐத் தேடிப் பார்க்கமாட்டார்.

இனி நானே ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். இது எந்த ஆய்வின் முடிவும் அல்ல, வெறும் உத்தேசம். ஆனால் கூட்டல் கழித்தல் உண்மையானது. 1,000 நோயாளிகள். 50 பேருக்குக் கடும் பாதிப்பு வரப்போகிறது. இன்றிருப்பதைவிடக் கொஞ்சம் நல்ல சோதனை ஒன்று கையில் இருக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம்: வரப்போகிறவரை 60 சதவீதம் பிடிக்கும், வராதவரை 80 சதவீதம் சரியாக விட்டுவிடும். கட்டணம் 5,000 ரூபாய்.

சரியாகப் பிடிபட்டவர் — 30
தப்பிப் போனவர் — 20
வீணாகப் பிடிபட்டவர் — 190
சரியாக விடப்பட்டவர் — 760
மொத்தக் கட்டணம் — 50 லட்சம் ரூபாய்
பிடிபட்ட ஒருவருக்கு விழுந்த செலவு — சுமார் 1.67 லட்சம் ரூபாய்

220 பேருக்கு அபாயச் சீட்டு கிடைக்கிறது. அதில் உண்மையானது 30, அதாவது 13.6 சதவீதம். 1.67 லட்சம் பெரிய தொகைதான், ஆனால் ஒரு மனிதரை வாழ்நாள் அவதியிலிருந்து காப்பாற்றும் என்றால் கொடுக்கலாம். உண்மையான செலவு அந்த வரியில் இல்லை. இந்த 220 பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில் இருக்கிறது.

டோஸைக் குறைப்போம் என்பது முதல் யோசனை. 5 சதவீதம் மட்டும் குறைக்கிறோம். புற்று அடங்கும் வாய்ப்பு டோஸோடு செங்குத்தாக ஏறும் பகுதியில், 1 சதவீத டோஸ் குறைந்தால் வாய்ப்பு 1 முதல் 2 புள்ளி வரை இறங்கும். 5 சதவீதத்துக்கு 5 முதல் 10 புள்ளி. 220 பேரில் 11 முதல் 22 பேருக்குப் புற்று அடங்காமல் போகலாம். மறுபக்கம் வரவு? சரியாகப் பிடித்த 30 பேரும் இந்தச் சிறு குறைப்பால் முழுசாகத் தப்பிவிடமாட்டார்கள். ஒரு பகுதியினர்தான் தப்புவார்கள். ஆக, மார்பு இறுகாமல் 10 அல்லது 15 பேரைக் காப்பாற்றி, அதே அளவு பேரிடம் புற்றைத் திரும்ப அழைத்துவருகிறோம். இந்த வியாபாரத்தை எந்த மருத்துவர் கையெழுத்திட்டு ஏற்பார்?

அதனால் சோதனையின் பயன் டோஸில் கைவைக்காத இடங்களில்தான். பிடிபட்டவருக்குக் கதிர்வீச்சுத் திட்டத்தை இன்னும் இறுக்கமாக வரையலாம், அடிக்கடி கூப்பிட்டுப் பார்க்கலாம், தோள் பயிற்சியை முதல் நாளே தொடங்கலாம். புராஸ்டேட்டில் அறுவைசிகிச்சையும் கதிர்வீச்சும் பலருக்குச் சம பலன். அங்கே ‘உங்கள் சிறுநீர்ப்பைக்கு இது ஒத்துவராது போலிருக்கிறது’ என்ற தகவல் ஒரு உண்மையான தேர்வுக்கு உதவும். அமெரிக்காவில் இதற்காகவே கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்துப் பார்க்கும் பிராஸ்டாக்ஸ் என்ற சோதனை விற்பனைக்கு வந்திருக்கிறது. பின்னணி ஆய்வுகளில் ஆள் எண்ணிக்கை சில நூறுதான். நான் வாங்குகிறவனாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுப்பேன்.

பொறுக்காமல் வாங்கத் தகுந்த ஒன்று பக்கத்துக் கடையில் இருக்கிறது. கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுக்கும் 5-எஃப்.யு., கெபசிட்டபின் மருந்துகளை உடைக்கும் நொதியின் மரபணு டி.பி.ஒய்.டி. அதில் நான்கு மாற்றங்களைப் பார்த்து மருந்தின் அளவைக் குறைக்க 2020-இல் ஐரோப்பாவில் பரிந்துரை வந்தது. நெதர்லாந்தில் 1,103 பேரிடம் நடந்த ஆய்வில் 85 பேருக்கு, அதாவது 8 சதவீதத்துக்கு, அந்த மாற்றம் இருந்தது. இது ஏன் ஜெயித்தது, கதிர்வீச்சு ஏன் திணறுகிறது? அங்கே ஒரே மருந்து, ஒரே நொதி, ஒரே பூட்டு. இங்கே 46 மரபணுக்களைத் தட்டியும் பூட்டு எதுவென்றே தெரியவில்லை.

ஒரு வரவை ஒத்துக்கொள்ள வேண்டும்: எழுத்தைப் படிக்கும் விலை தரைமட்டமாகிவிட்டது. ஒரு முழு மரபணுத் தொகுதியைப் படிக்க 2001-இல் சுமார் 9.5 கோடி டாலர் ஆகியிருக்கும். 2022-இல் சுமார் 500 டாலர். ஒன்றரை லட்சம் மடங்குக்கும் மேலான சரிவு. தக்காளிகூட இப்படி விழுந்ததில்லை. ஆனால் சமன்பாட்டின் மறுபாதி, அதாவது நோயாளிக்கு என்ன ஆனது என்ற பதிவு, ஒரு பைசா மலிவாகவில்லை. பக்கவிளைவுகளில் 90 நாளுக்குள் வருவது உடனடி வகை. தோல் கறுப்பது, உரிவது எல்லாம் அதில் சேரும், பெரும்பாலும் ஆறிவிடும். உண்மையான கடன் 90 நாளுக்குப் பிறகு, சில சமயம் 5 ஆண்டு கழித்து வருகிறது. அதுவரை யாராவது கூப்பிட்டுக் கேட்க வேண்டும்: இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், அவசரமாக ஓட வேண்டியிருக்கிறதா, துணியில் ரத்தம் உண்டா. எல்லா ஊரிலும் ஒரே மாதிரிக் கேட்க வேண்டும். ஒரு மருத்துவமனையில் ‘இரண்டு’ என்று எழுதுவது இன்னொன்றில் ‘ஒன்று’. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே, வெவ்வேறு அளவுகோல்களைச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று மாற்றி ஒரே எண்ணாக்கும் முறையை பார்னெட் குழு தனியாக உருவாக்க வேண்டியிருந்தது.

ரெக்வைட் என்ற ஐரோப்பிய ஆய்வு இந்தப் பதிவுக்காகவே எழுப்பிய மாளிகை. 2014 ஏப்ரல் முதல் 2017 மார்ச் வரை 8 நாடுகள், 26 மருத்துவமனைகள், 4,438 நோயாளிகள்: மார்பகம் 2,069, புராஸ்டேட் 1,808, நுரையீரல் 561. வகுத்துப் பாருங்கள். மாதத்துக்கு 123 பேர். ஒரு மருத்துவமனைக்கு மாதம் ஐந்து பேர்கூட இல்லை. பெஞ்சுகள் காலியாக இருந்ததால் அல்ல. ஒழுங்காக எழுதி, ரத்தம் எடுத்து, ஆண்டுக்கணக்கில் விடாமல் துரத்தக் கூடியவர்கள் அவ்வளவுதான் கிடைத்தார்கள். எழுத்தைப் படிக்கும் எந்திரம் ஒரு நாளில் செய்யும் வேலைக்கு எதிரே இந்த மூன்று ஆண்டை வைத்துப் பார்த்தால் எது விலை உயர்ந்த சரக்கு என்று தெரியும்.

நம் பக்கம் திரும்பினால் பேரேட்டில் பல பக்கம் வெள்ளை. மரபணுத் தொகுதி முழுவதையும் அலசும் எல்லாவகை ஆய்வுகளையும் சேர்த்து 2019-இல் எண்ணியபோது பங்கேற்றவர்களில் 78 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளி. ஆசியா முழுவதற்கும் 10. ஆண்ட்ரியாசன் கடைசியில் பிடித்த அந்த ஏ எழுத்து கிழக்காசியரிடம் மிக அரிது. அங்கே இல்லாத எழுத்தை வைத்து அங்கே ஜோசியம் சொல்ல முடியாது. டி.பி.ஒய்.டி.யின் நான்கு மாற்றங்களும் ஐரோப்பியரைப் பார்த்துத் தேர்ந்தவை. இந்தியரிடம் அவை குறைவு என்பதால் ‘எதுவும் இல்லை’ என்ற ரிப்போர்ட்டை நம்பி மருந்தை முழு அளவில் ஏற்றுவதும் ஆபத்து. ஜீனோம் இந்தியா திட்டம் 20 நிறுவனங்களைக் கொண்டு 83 மக்கள் குழுக்களிலிருந்து 9,772 பேரின் தொகுதியைப் படித்து முடித்திருக்கிறது. பாதிக் கணக்கு அது. ஆனால் அவர்கள் ஆரோக்கியமானவர்கள். கரண்ட் வைத்துக்கொண்டவர்கள் இல்லை. மறுபாதி பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறது.

இதற்கிடையே, மரபணுவைத் தொடாமலே தெரிகிற சில முன்னறிகுறிகள் உண்டு: புகைப் பழக்கம், சர்க்கரை நோய், பெரிய மார்பகம், திட்டத்தில் அதிக டோஸ் விழும் மூலைகள். டேப் ஒன்றும் கேள்வி இரண்டும் போதும். இவற்றுக்கு விலையில்லை என்பதாலோ என்னவோ யாரும் விளம்பரம் செய்வதில்லை. சிட்டிங்கும் குறைந்துகொண்டே வருகிறது. பிரிட்டனில் 4,096 பேரிடம் நடந்த ஃபாஸ்ட் ஃபார்வர்ட் ஆய்வு 2020-இல் 40 கிரே 15 சிட்டிங்குக்குப் பதில் 26 கிரே 5 சிட்டிங் போதும் என்று காட்டியது. மூன்று வாரம் ஒரே வாரமாயிற்று. பழைய சிட்டிங் கணக்கில் கண்டுபிடித்த எழுத்து புதிய கணக்கிலும் அதே பலன் சொல்லுமா என்பதற்கு மறுபடி ஆள் சேர்த்து எண்ணத்தான் வேண்டும்.

பெரியம்மாவுக்குக் கரண்ட் வைத்து நான்கு ஆண்டு ஆகிறது. இடது மார்பின் கீழ்ப்பகுதி கெட்டியாகிவிட்டது. கை தூக்கினால் உள்ளே கயிறு இழுப்பது போல இருக்கிறது என்கிறார். மேல் அலமாரியில் இருந்த புளிப்பானை இப்போது தரையில் இருக்கிறது. அந்த அக்காவுக்கோ, உரிந்த தோல் இரண்டே மாதத்தில் ஆறி, இப்போது ஒரு தொல்லையும் இல்லை என்று போனில் சொன்னாராம். மூன்றாம் வாரத்தில் தப்பித்தவர் நான்காம் வருடத்தில் மாட்டிக்கொண்டார். உடனடி வகைக்கும் பிற்கால வகைக்கும் தனித்தனிப் பேரேடு என்பது எங்கள் வீட்டுக்குள்ளேயே நிரூபணமாகிவிட்டது.

போன மாதம் பெரியம்மாவின் ஃபைலை வாங்கிப் புரட்டினேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வீதம் எட்டு முறை போயிருக்கிறார். மேமோகிராம் ரிப்போர்ட்டுகள் ஒழுங்காக இருந்தன. கட்டி திரும்பவில்லை என்று எட்டு முறையும் எழுதியிருந்தது. பக்கவிளைவு என்று அச்சடித்த கட்டத்தில் எட்டு முறையும் ஒரே ஒரு சொல்: நலம்.

“கெட்டியா இருக்குன்னு சொன்னீங்களா பெரியம்மா?”

“கேட்டாத்தானே சொல்ல? அந்தக் கட்டி திரும்பலையேன்னு அவரும் சந்தோஷப்பட்டார், நானும் சந்தோஷமா வந்துட்டேன்.”